துருவின் கட்சி

“தங்கம் துருப்பிடிக்காது மாமி. துருப்பிடிக்காத சாமானோட எனக்கென்ன கதை?”

கலியாண வீடு. பெண்கள் பக்கம். சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றியிருந்த கைகள் சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டன. கேள்வி கேட்டவர் மாப்பிள்ளையின் மாமி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மின்னிக்கொண்டிருந்தவர். “என்ன டீச்சர், அரசாங்கச் சம்பளம் எடுக்கிறீங்க, கழுத்துல ஒரு பொட்டுத் தங்கமும் இல்லையே” என்று இரக்கப்படுவது போல, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டிருந்தார்.

“அப்ப டீச்சர் யார்ட கட்சி?” என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“துருவிட கட்சி.”

சொல்லிவிட்டு வட்டிலப்ப இனிப்பில் ஒரு துண்டை எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகுதான் வாயில் வைத்தார்.

எதையும் முகராமல் எடுக்க மாட்டார். தேத்தண்ணி, புதுப் புத்தகம், மழைக்கு முன்னால் வரும் காற்று, கடையில் அளந்து தரும் மண்ணெண்ணெய், எல்லாம் முதலில் அவருடைய மூக்கிடம் போய்ப் பதில் சொல்ல வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நம்பாதவர். மனிதர்களையும் அப்படித்தான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெயர் எழுதி வைத்த ஒரு வாசல் வளைவோடு அவருக்குப் பெரிய தகராறு இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பாலாவிப் பக்கத்தில், தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு ஒன்றில் இருந்தது எங்கள் பாடசாலை. நான் தமிழ் படிப்பித்தேன். அவர் விஞ்ஞானம். நான் புத்தளம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அவர் சின்னப் பிள்ளையாக, ராத்தாவின், அதாவது அக்காவின், கையைப் பிடித்துக்கொண்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவர். யுத்தம் முடிந்து ஆட்கள் மூச்சு விடத் தொடங்கியிருந்த காலம். மூச்சு விட்டவுடன் மற்றவரைப் பார்த்து “எப்ப போறீங்க?” என்று கேட்கத் தொடங்கியிருந்த காலமும் அதுதான்.

காலையில் இருவரும் ஒரே த்ரீவீலில் போவோம். ஓட்டுகிறவர் எங்கள் ஊர்க்காரர். அண்ணன் முறையில் ‘நானா’ என்போம்.

“டீச்சர், சண்டதான் முடிஞ்சி போச்சே. ஊருக்கு எப்ப போற?”

“நீங்க ஓட்டுற ஓட்டுக்கு, இண்டைக்கு ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தாலே அல்ஹம்துலில்லாஹ்.”

“இல்ல டீச்சர், கோவிச்சிக்காதீங்க. அங்க காணி ஈக்கிது, வீடு குடுக்கிறாங்களாம்...”

“போவம் நானா. ஆனா நீங்க கேட்டதுக்காகப் போக மாட்டம்.”

அவர் கோபப்பட்டுச் சொன்னதில்லை. இன்று வெயில் கூட என்பது போலச் சொல்வார். அதனால்தான் கேட்டவர்களுக்கு அது அதிகம் சுட்டது.

அந்தக் கரையின் காற்றை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, ஒரு பக்கம் உப்பளம், நடுவில் சீமெந்து லொறிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி. புது சைக்கிள் வாங்கி வந்தால் மழைக்காலம் முடியும் முன்னே கம்பிகள் சிவந்துவிடும். யன்னல் கம்பி, தகரக் கூரை, கதவுப் பிணைச்சல், கத்தரிக்கோல், எதையும் விடாமல் காற்று நக்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் துருவைத் திட்டியபடி பெயின்ட் வாங்குவோம். இவரோ ஒரு பழைய சவர அலகை வைத்துக்கொண்டு, முதன்முதல் போட்ட அகதிக் கொட்டிலின் கூரைத் தகரத்தைச் சுரண்டி, சிவந்த தூளைப் போத்தலில் நிரப்பிக்கொண்டிருப்பார். “இந்த ஊர்க் காத்து சும்மா வேலை செஞ்சு தருது, நீங்க ஏன் ஏசுறீங்க?” என்பார்.

என்னத்துக்கு இந்தத் தூள் என்று ஒரு நாள் கேட்டேன். ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. மேசையில் என் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதைத் தட்டிக் காட்டினார்.

“இதை வெயிலால உடைக்கணும். உடைஞ்சா ஒரு பக்கம் ஐதரசன். அதை எரிக்கலாம், அடுப்பு மூட்டலாம், எஞ்சின் ஓட்டலாம். மற்றப் பக்கம் ஒட்சிசன். ஐதரசனைக் கழட்டுறது அவ்வளவு கஷ்டமில்ல டீச்சர். ஒட்சிசனைத்தான் தண்ணி விடாது. புள்ளையப் புடிச்ச தாய் மாதிரிப் புடிச்சுக்கொண்டிருக்கும். அதை இளக்கி எடுக்க ஓர் ஊக்கி வேணும்.”

“ஊக்கி எண்டா?”

“கலியாணப் புரோக்கர். சேத்தும் வைப்பார், பிரிச்சும் வைப்பார், தான் மாற மாட்டார். ஒரு வித்தியாசம்: ஊக்கி கொமிஷன் எடுக்காது.”

அவர் ஆராய்ச்சிப் பட்டம் ஒன்றைத் தொடங்கி நடுவில் விட்டவர் என்பதை வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன். அங்கே மேலே இருந்தவர்கள் இரிடியத்தை வைத்துச் செய்து காட்டு, ருத்தேனியத்தை வைத்துச் செய்து காட்டு என்றார்களாம். இரண்டும் அந்த வேலையை அழகாகச் செய்யும் உலோகங்கள். பூமியில் மிக அரிது. இவர் கேட்டாராம்: “இதைக் கொண்டு எத்தனை வீட்டுக்கு அடுப்பு மூட்டலாம்?” அது ஆராய்ச்சிக் கேள்வி இல்லை என்று பதில் வந்ததாம்.

“இலையப் பாருங்க” என்றார் அன்று, யன்னலுக்கு வெளியே கையை நீட்டி. “காலம வெளிச்சம் பட்டவுடன தண்ணிய உடைக்குது. இரிடியம் வாங்க எந்த இலை கொழும்புக்குப் போகுது? மண்ணில கிடக்கிற மங்கனீசு போதும் அதுக்கு. எனக்கு இரும்பு போதும். அள்ளக் கிடைக்கிறதில செய்யணும். இல்லாட்டிச் செஞ்சதா அர்த்தமில்ல.”

அள்ளக் கிடைக்கிறதில செய்யணும். அவர் வாயில் அடிக்கடி வந்த வாக்கியம் அதுதான். கத்தரிக்காய் வாங்கும்போதும் சொல்வார்.

துருத்தூளை அமிலத்தில் கரைத்து, வடித்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய தோல் போலப் பூசுவார். கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை. மின்சாரம் ஓடக் கூடியது. கூடப் படித்த ஒருத்தி வெட்டி மிஞ்சிய துண்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். பூச்சு பிடிக்க அதை நன்றாகச் சுட வேண்டும். அதற்குச் சந்திப் பேக்கரியில் பாண்ரொட்டி சுடும் விறகு அடுப்பு, போறணை.

“டீச்சர், பாணுக்கு நடுவுல கண்ணாடிய வைச்சா சனம் என்ன நினைக்கும்?” என்று பேக்கரி நானா தலையில் கை வைப்பார்.

“பாணுக்கு நடுவுல வேணாம். தணலுக்குள்ள வைங்க.”

“துரு மணக்கும் பாண் எண்டு செல்லுவாங்க.”

“உங்கட பாணுக்கு ஒரு மணமாவது வரட்டும் நானா.”

பேக்கரி நானா உரக்கச் சிரிப்பார். தகடு வெந்து, செம்பருந்தின் முதுகு நிறத்தில் வெளியே வரும்.

வீட்டில் அவரும் ராத்தாவும் மட்டும். ராத்தா தைப்பார், சமைப்பார், தங்கையைத் திட்டுவார். நான் முதல் தடவை போனபோது ராத்தா தேத்தண்ணி தந்தார். ஒரு மிடறு குடித்தேன். சீனியின் அடியில் மெல்லிய உப்பு. முகத்தை மாற்றாமல் விழுங்கப் பார்த்தேன். ராத்தா கண்டுகொண்டார்.

“டவுன் ஆக்களுக்குப் பைப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கு மரத்துப் போச்சு. இது நல்ல கிணறு மகள். இந்தக் கேம்ப்பிலேயே உப்பில்லாத கிணறு இதுதான்.”

வந்த புதிதில் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். கைகளில் கயிறு அறுக்க அறுக்க, இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள். காலம் போக நாக்கு உப்பை மன்னித்துவிட்டது. பிறகு மறந்தும் விட்டது. அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் அது நல்ல கிணறு என்றுதான் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புகளுக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. ஆய்வுகூடம் இல்லாமல் பிரிவு தர மாட்டார்கள். படிக்க விரும்பும் பெண் பிள்ளை பஸ் ஏறித் தூரத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும். பஸ் ஏற்ற மறுத்த வீடுகளில் படிப்பு அத்தோடு முடிந்தது. அந்த வருடம் சுமையா என்றொரு பிள்ளை இருந்தாள். தவளையின் இருதயத்தைப் படமாகக் கீறிவிட்டு, அது துடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவள். அவளுடைய வாப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “இஞ்ச தொடங்கினா படிக்கட்டும். பஸ்ஸுக்கு விட மாட்டன்.”

தலைமையாசிரியரான அதிபர் எங்கெல்லாமோ கேட்டு, கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய வியாபாரியைப் பிடித்தார். எல்லாரும் ஹாஜியார் என்றுதான் சொன்னார்கள். ஆய்வுகூடம் கட்டித் தர அவருக்கு மனமிருந்தது. ஆனால் வெறும் கட்டடத்துக்குத் தர மாட்டேன், அங்கே ஏதாவது நடக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாராம். “எங்களிட்ட ஒரு டீச்சர் ஈக்கிறா, துருவால தண்ணிய உடைக்கிறா” என்று அதிபர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஹாஜியார் பார்க்க வருவதாகச் சொன்னார்.

முற்றத்தில் வெயில் நேராக விழும் இடத்தில் மேசை. மேசையில், யாரோ அலங்கார மீன் வளர்த்துக் கைவிட்ட சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு பக்கம் துருத் தகடு, மறுபக்கம் நிக்கல் கம்பி வலை. பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் கொஞ்சம் அப்பச்சோடா. பக்கத்தில், தோட்ட விளக்கொன்றிலிருந்து கழற்றிய விரலகல சூரியத் தகடு. “துரு தனிய இழுக்காது, ஒரு தள்ளு வேணும். கேட்டா மறைக்க மாட்டன்” என்று முன்கூட்டியே அதிபரிடம் சொல்லியிருந்தார். இரண்டு நாள் முன்பு நானே பார்த்தேன். துருத் தகட்டில் ஊசி முனைக் குமிழிகள், வெட்கப்படுகிறவை போல, ஒன்று வந்து நின்று யோசித்துப் போன பின்தான் அடுத்தது. அது ஒட்சிசன். அவ்வளவுதான், ஆனால் அதுதான்.

அன்று ஹாஜியாரின் வாகனம் பாலாவிச் சந்தியில் லொறி நெரிசலில் மாட்டிக்கொண்டது. வெயில் தொட்டியைக் குடித்துக்கொண்டிருந்தது. நீர் மட்டம் தகட்டின் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. இவர் வாசலுக்குப் போயிருந்தார். பலகாரத்தோடு வந்த ராத்தா இதைக் கண்டார். தங்கையின் வேலை காய்ந்து போகிறதே என்று, விருந்தாளிகளுக்கென்று கொண்டுவந்த சாடியிலிருந்து ஊற்றி நிரப்பினார். நல்ல கிணற்றின் தண்ணீர்.

ஹாஜியார் வந்து இறங்கினார். பிள்ளைகள் வரிசையாக நின்று ஸலாம் சொன்னார்கள். இவர் தொட்டியை வெயிலுக்குச் சரித்து, கம்பியைத் தொடுத்தார்.

குமிழிகள் பொங்கின.

வெட்கப்படும் குமிழிகள் இல்லை. வலையிலிருந்து நூல் நூலாகப் பறந்தன. தகட்டிலும் படபடத்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள். அதிபர் “மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்” என்றார். ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சுமையா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தக் கணம் இவரும் சிரித்தார். நான் பார்த்தேன். அவ்வளவு முழுமையாக அவர் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பிறகு குனிந்து முகர்ந்தார்.

சிரிப்பு மூக்கிலிருந்து தொடங்கி அணைந்தது. கைப்பைக்குள் கை விட்டு ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். கஞ்சியும் அயடைட்டும் தடவி அவரே காய வைத்த சோதனைத் தாள். ஒட்சிசன் என்றால் வெள்ளையாகவே இருக்கும். தகட்டின் பக்கத்துத் தண்ணீரில் தோய்த்தார். நீலம் பிடித்து, கண்ணெதிரே கறுத்தது.

“யார் தண்ணி ஊத்தினது?”

“நான்தான். ஏன்? நல்ல தண்ணிதானே ஊத்தினன்” என்றார் ராத்தா.

அதிபர் கிட்ட வந்து, உதடு அசையாமல் கதைத்தார். “டீச்சர், அந்தக் கடதாசிய மடிச்சி உள்ள வைங்க. குமிழி வருது. ஹாஜியார் பாத்துட்டார். போதும்.”

“என்ன குமிழி சேர்?”

“குமிழி, டீச்சர். குமிழிக்குப் பேர் ஈக்கிதா?”

“இருக்கு.”

அவர் ஹாஜியாரின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

“ஹாஜியார், நீங்க பாக்க வந்தது இது இல்ல. அந்த வலையில வாறது ஐதரசன்தான், அதில பொய்யில்ல. ஆனா கஷ்டமான பக்கம் இந்தத் தகடு. இதில ஒட்சிசன் வரணும். தண்ணியில உப்பு சேர்ந்திட்டுது. அதால தகடு லேசான வேலையப் புடிச்சுக்கொண்டு குளோரீனைக் கழட்டுது. எங்கட ஆக்களுக்கு இந்த மணம் தெரியும். கிணத்துக்கு மருந்து போட்டா இப்பிடித்தான் மணக்கும்.”

முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கை உயர்த்தி முகர்ந்தார்கள். தலையாட்டினார்கள்.

“அப்ப வேலை செய்யல்லையா மகள்?”

“இண்டைக்கு இல்ல.”

“நாளைக்கு?”

“தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லி உங்களிட்டக் கட்டடம் வாங்க மாட்டன்.”

ஹாஜியார் கெட்ட மனிதர் இல்லை. சர்பத்தைக் குடித்தார், பிள்ளைகளுக்கு துஆ செய்தார், வாகனத்தில் ஏறினார். சில மாதம் கழித்து எங்கள் பாடசாலைக்கு அவருடைய உதவி வந்தது. அது சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு சாமானாக வந்தது: வாசல் வளைவு. மேலே இரும்பு எழுத்துகளில் அவருடைய பெயர். எழுத்துகளுக்குத் தங்க நிறப் பூச்சு.

வளைவு திறந்த நாளிலிருந்து இவர் அதன் கீழே நடக்கவில்லை. மைதானத்து வேலியில் ஆடுகள் போக ஒரு பொத்தல் இருந்தது. சாரியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, குனிந்து, அதால் வருவார். அதிபர் கண்டும் காணாதவர் போல இருந்தார். நான் வாசலாலேயே போனேன். எனக்குக் கோபம்.

கோபத்தை த்ரீவீலில் வைத்து ஒரு நாள் கொட்டினேன். “ஒரு வாய் மூடியிருந்தா ஆய்வுகூடம் வந்திருக்கும். வந்த பிறகு ஆறுதலா, சரியாச் செய்திருக்கலாம்தானே?”

“அந்தக் கூடத்தில முதல் நாள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்றது டீச்சர்? வாற வாயு என்னதெண்டு சோதிச்சுப் பாருங்க எண்டா?”

“பெரிய கதை கதைக்காதீங்க.”

“சின்னக் கதைதான். இரும்பு இரிடியத்துக்குப் பக்கத்தில தோக்கும். தோக்கட்டும். அது நாளைக்கு எழும்பும். ஆனா வெல்லாத நாளில வெண்டது எண்டு சொல்லிட்டா, பிறகு வெல்லுற நாளில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஏற்கெனவே மலிஞ்ச சாமானை யாரும் நம்புறதில்ல. எங்களப் போல. இரும்புக்குப் பொய் தேவையில்ல.”

“இதைச் சுமையாவிடம் சொல்லுங்க.”

அவர் பாடசாலை வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தொடங்கிய கலியாண வீடு சுமையாவுடையதுதான். சாப்பிட்டு எழும்பி, மணப்பெண்ணிடம் போனார். தங்கத்துக்கும் பூவுக்கும் நடுவில் முகம் மட்டும் தெரிந்த அந்தப் பிள்ளையின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் கேட்கக் கூடிய சத்தத்தில் சொன்னார்: “கேள்வி வந்தா வாங்க மகள். எப்ப வேணுமெண்டாலும். வாசலால வர வேணாம், வேலியால வாங்க.” மின்னும் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுமையா அழவில்லை. கையை விடவுமில்லை. பிறகு, கல்பிட்டிப் பக்கம் வாழப் போன அந்தப் பிள்ளை பெருநாளுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அந்தப் பொத்தலால் நுழைந்து வந்ததை நான் கண்டிருக்கிறேன். என்ன கேட்டாள், என்ன கதைத்தார்கள், எனக்குத் தெரியாது.

தோற்ற நாளுக்கு அடுத்த நாள் நான் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்தா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். “இந்தத் தண்ணியில பிள்ளைகளுக்குப் பால் கரைச்சம். செத்தவங்கட மையித்தைக் குளிப்பாட்டினம். இப்ப ஆக்களுக்கு முன்னால இது கூடாத தண்ணியாம்” என்றார் சுவரைப் பார்த்து. இவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி மொண்டு வந்தார். மீன் தொட்டியைக் கழுவி, அதே தண்ணீரால் நிரப்பினார். பற்றரித் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து, த்ரீவீல்காரர் வந்தால் கொடுக்கும்படி வாசலில் வைத்தார்.

“என்ன செய்யிறீங்க?” என்றேன்.

“களவு பிடிபட்டுது டீச்சர். என்ட களவு. இரும்பு எல்லாருக்கும் கிடைக்கும் எண்டு பெரிசாக் கதைச்சன். தண்ணிய மட்டும் போத்தல்ல வாங்கினன். இந்தக் கரையில யாரிட்ட இருக்கு உப்பில்லாத தண்ணி?” ராத்தாவின் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “கிணறு மாறாது. தகடு மாறட்டும்.”

ராத்தா திரும்பவில்லை. ஆனால் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.

அதற்குப் பிறகு குடியிருப்பில் செத்துப் போன டோர்ச் பற்றரிகளை எல்லாம் இவர் கேட்டு வாங்கினார். உடைத்தால் உள்ளே கரும்பொடி இருக்கும். அதில் இருப்பது மங்கனீசு, இலை வைத்திருக்கும் அதே உலோகம். அதைப் பிரித்தெடுத்து, துருத் தகட்டின் மேல் மெல்லிய கறுப்புத் தோலாகப் படிய வைத்தார். அந்தத் தோல் உப்பைத் தகட்டுக்குக் கிட்ட வர விடாமல் மறித்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் விட வேண்டும். விட்டதா? தகடுகள் உரிந்தன. கறுத்தன. வெடித்தன. பேக்கரி நானா போறணைக்கே வாடகை கேட்கப் போவதாகச் சொன்னார். சோதனைத் தாள் ஒவ்வொரு முறையும் நீலமாகி, எங்களைப் பார்த்துக் கறுத்தது.

கடைசியாக நான் பார்த்த தகடு ஒன்று உண்டு. வெயிலில் வைத்தார். கிணற்றுத் தண்ணீர். தாளைத் தோய்த்தார். வெள்ளை. ராத்தா தேத்தண்ணி ஊற்றி வந்தார். குடித்தோம். இன்னும் வெள்ளை. கோப்பைகளைக் கீழே வைத்த பிறகு தோய்த்த தாளில்தான், ஓரத்தில், மயிரிழையாக நீலம் ஏறியது.

“முந்தி உடன கறுத்தது” என்றார், தாளை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு. “இப்ப எங்களோட ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் கறுக்குது. பாருங்க டீச்சர், மரியாதை தெரிஞ்சிட்டுது.”

அவர்கள் போன கதை சின்னது. மன்னாரில் காணி துப்புரவாகி, ராத்தா மண்ணை மிதிக்க வேண்டும் என்றார். லொறியில் அலுமாரி, தையல் மெஷின், கதிரைகள் ஏறின. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வெள்ளைக் கேன் ஏறியது. கிணற்றுத் தண்ணீர். த்ரீவீல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “டீச்சர், மன்னார்ல உப்புத் தண்ணிக்குப் பஞ்சமா?”

“அங்கத்தத் தண்ணி என்னைத் தோக்கடிக்கல்ல நானா. இதுதான் தோக்கடிச்சது. வெல்லாம விட மாட்டன்.”

லொறி போன பிறகும் த்ரீவீல்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினார்.

ஆனால் எனக்குள் அவர் நிற்கும் இடம் அந்த லொறி இல்லை. அதற்கு முந்தைய கிழமை, பாடசாலையில் அவருடைய கடைசி நாள். இடைவேளை. வாசல் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் கேட்டுப் போனேன். வளைவின் கீழே, முதன்முறையாக, அவர் நின்றார். கதிரை போட்டு ஏறி நின்றார். உப்புக் காற்று தன் வேலையை ஓசையில்லாமல் செய்து வைத்திருந்தது. ஹாஜியாரின் பெயரில் தங்கப் பூச்சு செதில் செதிலாக எழும்பி, அடியில் இரும்பு செக்கச் சிவந்திருந்தது. கையில் அந்தச் சவர அலகு. எழுத்து எழுத்தாகச் சுரண்டி, தூளைக் கடதாசியில் ஏந்திக்கொண்டிருந்தார். கதிரை ஆடியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். துரு என் தலையில், தோளில், உதட்டில் கொட்டியது. தட்டவில்லை.

அதிபர் வேகமாக நடந்து வந்தார். “டீச்சர்! டீச்சர், என்ன இது, என்ன செய்றீங்க அங்க?”

அவர் குனிந்து பார்க்கவில்லை. அலகும் நிற்கவில்லை.

“எங்கட ஆய்வுகூடத்தை எடுக்கிறன் சேர்” என்றார்.